உயிருக்கு இன்றியமையாத உலோகங்கள் அறிவார்ந்த வடிவமைப்புக்குச் சான்றா? மாலிப்டினத்தை வைத்துப் பேசுவோம்

ஆதிபகவன் | பதிவு 1

வணக்கம். கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று அடித்துக்கொள்வதற்கான இழை அல்ல இது. குறிப்பான ஒரு வாதத்தை வைக்கிறேன். வேதியியலும் மண்ணியலும் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், எண்களோடு பதில் வந்தால் நல்லது.

மாலிப்டினம் பூமியின் மேலோட்டில் ஏறத்தாழ 1 பிபிஎம், அதாவது ஒரு டன் பாறையில் 1 கிராம்தான். குரோமியம் அதைப்போல் சுமார் நூறு மடங்கு கிடைக்கிறது, நிக்கலும் பல பத்து மடங்கு. இருந்தும் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் நைட்ரஜனேஸ் நொதி இந்த அரிய உலோகத்தைத்தான் நம்பியிருக்கிறது. காற்றின் நைட்ரஜனிலிருந்து உரம் செய்யும் ஹேபர்-போஷ் ஆலைகள் வருமுன், மின்னல் தந்த சிறு பங்கு நீங்கலாக, உயிர்களின் புரதத்தில் இருந்த நைட்ரஜன் பெரும்பாலும் இந்த ஒரு வாசல் வழியாக வந்ததே. மனிதருக்கும் சல்ஃபைட் ஆக்சிடேஸ் நொதிக்கு மாலிப்டினம் வேண்டும். அதற்கான இணைக்காரணியை (நொதிக்குத் துணையாகும் சிறு மூலக்கூறு) உடலால் கட்ட முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு முதல் நாட்களிலேயே வலிப்பு வருகிறது.

நைட்ரஜனேஸின் மையத்தில் 7 இரும்பு, 9 கந்தகம், 1 மாலிப்டினம், நடுவே ஒற்றைக் கரிம அணு, ஓரத்தில் ஹோமோசிட்ரேட் என்ற கரிம மூலக்கூறு. நடு அணு கரிமம்தான் என்று உறுதியானதே 2011இல். இதைக் கட்டி முடிக்க நிஃப்-யு, எஸ், பி, இஎன், எச், வி, க்யூ என்று புரதங்களின் ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. ஒன்றை உருவினால் எல்லாம் நின்றுபோகும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் 'குறைக்கவியலாச் சிக்கல்' (ஒரு பாகம் குறைந்தாலும் இயங்காது, ஆகவே படிப்படியாக வந்திருக்காது) என்று சொன்னது இதைப் போன்றவற்றைத்தான்.

இரண்டாவதாக, உலோகங்களின் இயல்புகளே உயிருக்கென்று அளந்து வைத்தாற்போல் இருக்கின்றன. துத்தநாகம் ஆக்சிஜனேற்றத்தில் சிக்காது, இரும்பு சிக்கும், இரண்டும் தேவையான இடத்தில் இருக்கின்றன. உயிர்வேதியியலாளர் மைக்கேல் டென்டன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். இவற்றைத் தற்செயல் என்று எப்படித் தள்ளுவீர்கள்?

நொதியன் | பதிவு 2

ஐயா, இரண்டு சரக்கை ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். நொதியின் கட்டுமானம் படிப்படியாக வந்திருக்க முடியாது என்பது ஒன்று (பீஹி). தனிமங்களின் இயல்பே உயிருக்காக அமைந்தது என்பது இன்னொன்று (டென்டன்). இரண்டுக்கும் சான்று வேறு, பதிலும் வேறு. முதலாவதை மட்டும் இப்போது எடுக்கிறேன்.

'அரிது' என்று பாறையை வைத்துச் சொல்கிறீர்கள். நுண்ணுயிர் எடுப்பது நீரில் கரைந்திருப்பதை. ஒரு லிட்டர் கடல்நீரில் மாலிப்டினம் சுமார் 10 மைக்ரோகிராம், நிக்கல் அரை மைக்ரோகிராம் அளவு, குரோமியம் அதற்கும் கீழே. அணு எண்ணிக்கையில் லிட்டருக்கு மாலிப்டினம் 105 நானோமோல், இரும்பு பெரும்பாலான இடங்களில் 1 நானோமோலுக்கும் குறைவு. மேலோட்டில் 5 விழுக்காடு இருக்கும் இரும்புதான் கடலில் பஞ்சம். மாலிப்டினமோ கடலில் மிக அதிகமாகக் கரைந்திருக்கும் இடைநிலை உலோகம். காரணம் எளிது. ஆக்சிஜன் உள்ள நீரில் அது மாலிப்டேட் என்ற எதிர்மின் அயனியாக நிற்கிறது, துகள்களில் எளிதில் ஒட்டாது. இரும்போ ஹைட்ராக்சைடாகி அடியில் படிந்துவிடும்.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1973இல் பிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் இதே மாலிப்டின அரிதுத்தன்மையைக் காட்டி, உயிர் வேறொரு கோளிலிருந்து அனுப்பப்பட்டிருக்கலாம் என்றார்கள். வடிவமைப்பாளர் இருந்த இடத்தில் வேற்றுக்கோள் நாகரிகம், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டே தாமஸ் ஜூக்ஸ் கடல்நீரை அளவுகோலாக எடுக்கச் சொல்லிப் பதில் எழுதினார். ஜப்பானின் ஃபுஜியோ எகாமியும் 1974இல், உயிர்கள் பயன்படுத்தும் நுண்தனிமங்கள் கடலில் அதிகம் கரைந்திருப்பவையே என்று பட்டியலிட்டுக் காட்டினார்.

அடுத்து, 'ஒன்றை உருவினால் எல்லாம் நின்றுபோகும்' என்பது. ஆய்வகத்தில் உருவிப் பார்த்திருக்கிறார்கள்:

நிஃப்-வி இல்லாவிட்டால் ஹோமோசிட்ரேட் கிடையாது. செல் அந்த இடத்தில் சாதாரண சிட்ரேட்டைச் செருகிக்கொள்கிறது. அந்த நொதி அசிட்டிலீனை நன்றாகவே ஒடுக்கும் (அதாவது எலக்ட்ரான் கொடுத்து மாற்றும்), நைட்ரஜனில்தான் திணறும். நிஃப்-க்யூ இல்லாவிட்டால், ஊடகத்தில் மாலிப்டேட்டைப் பல மடங்கு கூட்டினால் போதும், வளர்ச்சி திரும்பிவிடும். நிஃப்-யு, எஸ் இல்லாவிட்டால் செல்லின் பொது இரும்பு-கந்தகத் தொழிற்சாலை அரைகுறையாக ஈடுகட்டுகிறது. நிஃப்-பி இல்லாவிட்டால் உண்மையிலேயே நின்றுபோகும். ஆக உங்கள் பட்டாளத்தில் சிலர் அடித்தளம், சிலர் பின்னால் சேர்ந்த மெருகு. படிப்படியாகச் சேர்ந்த ஒன்று இப்படித்தான் இருக்கும்.

கடல்நுரை | பதிவு 3

கடல்நீர் எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 1970களின் நடுப்பகுதிக்கு முன் அளந்த இரும்பு, துத்தநாகம், ஈயம் எண்களை எடுத்து யாரும் வாதாட வேண்டாம், அவற்றில் பெரும்பாலானவை கப்பலின் துருவை அளந்தவை. இரும்புக் கம்பியில் தொங்கும் குடுவையால் நீர் எடுத்தால் அந்த நீரின் இரும்பு பல மடங்கு ஏறிவிடும். கெவ்லார் கயிறு, உட்புறம் டெஃப்ளான் பூசிய குடுவை, வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறவைத்த பாலிஎத்திலீன் புட்டி, வடிகட்டிய காற்றுள்ள அறை, தூய்மையாக்கிய ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு பி.எச். 2க்குக் கீழே இறக்குவது, இத்தனையும் வேண்டும். பொடி தடவிய கையுறை போட்டால் துத்தநாக அளவு பாழ், அந்தப் பொடியிலேயே துத்தநாகம் இருக்கிறது. மாலிப்டினத்துக்கு இவ்வளவு பாடு இல்லை. 105 நானோமோல் இருக்கும் இடத்தில் கொஞ்சம் ஒட்டினாலும் தெரியாது.

இனி நொதியனுக்கு ஒரு இடக்கு. இன்றைய கடலின் எண்ணை வைத்து ஆதிபகவனை மடக்குவது முழு நியாயம் ஆகாது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் ஏறியது. அதற்கு முன் மாலிப்டினம் பாறையில் சல்ஃபைடாகப் பூட்டிக் கிடந்தது, ஆற்றில் கரைந்து வரவில்லை. தொல்கடலில் அது சில நானோமோல் அல்லது அதற்கும் கீழ் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். இன்றைக்கும் கருங்கடலின் அடிநீரைப் பாருங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் ஆழத்தில் மாலிப்டினம் தயோமாலிப்டேட்டாகிச் சேற்றில் இறங்கிவிடுகிறது.

மாலிப்டினத்துக்குப் பதில் வனேடியமோ இரும்போ வைத்த நைட்ரஜனேஸ் வகைகளும் உண்டு. அப்படியானால் பழைய நைட்ரஜனேஸ் இரும்பிலோ வனேடியத்திலோ ஓடியிருக்க வேண்டும், மாலிப்டினம் பிறகு வந்திருக்க வேண்டும், இல்லையா? ஆனால் 2015இல் வெளியான ஆய்வில், வடமேற்கு ஆஸ்திரேலியாவின் 320 கோடி ஆண்டுப் படிவுப் பாறைகளில் நைட்ரஜன் ஐசோடோப்பு விகிதம் காற்றின் அளவிலிருந்து அதிகம் விலகாமல் சுழியை ஒட்டியே இருக்கிறது. மாலிப்டின நைட்ரஜனேஸ் விடும் தடம் அதுதான். வனேடியம், இரும்பு வகைகள் −6, −7 பெர்மில் (ஆயிரத்தில் பங்கு) வரை இறக்கிவிடும். மரபணுக் குடிவழியும் அதையே சொல்கிறது: மாலிப்டின வகை மூத்தது, மற்ற இரண்டும் அதிலிருந்து கிளைத்தவை. கடலில் கிடைத்ததைத்தான் உயிர் எடுத்தது என்ற கதைக்கு இது நெருடல்.

ஆதிபகவன் | பதிவு 4

கடல்நுரை அவர்களுக்கு நன்றி. நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுவிட்டார். மாலிப்டினம் இல்லாத கடலில் மாலிப்டின நொதி தோன்றியது. 80 கோடி ஆண்டுகள் கழித்து ஆக்சிஜன் ஏறி மாலிப்டினம் பெருகியபோது நொதி தயாராகக் காத்திருந்தது. இதை முன்னறிவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

நொதியன் | பதிவு 5

'இல்லாத' என்று கடல்நுரை சொல்லவில்லையே ஐயா. சில நானோமோல் என்றார். இன்றைய உலக ஆறுகளின் சராசரியே 10 நானோமோலுக்குள்தான். நன்னீர் ஏரிகளில் நைட்ரஜன் நிலைப்படுத்தும் பாக்டீரியா அந்த அளவிலேயே பிழைப்பு நடத்துகிறது. மாலிப்டேட்டைப் பிடித்து உள்ளே தள்ளும் மாட்-ஏ புரதம் நானோமோல் அளவிலேயே பற்றிக்கொள்ளும். கடலடி வெந்நீர் ஊற்றுகள் போன்ற இடங்களில் உள்ளூர் அளவு எப்படி இருந்திருக்கும் என்பது தனிக் கேள்வி.

முக்கியமான இடம் இது: மாலிப்டினம் எந்தக் கட்டத்தில் நொதிக்குள் வருகிறது? கட்டுமானத்தை வரிசையாகப் பாருங்கள்.

நிஃப்-யுவும் எஸ்ஸும் சின்ன இரும்பு-கந்தகக் கொத்துகளைத் தருகின்றன. நிஃப்-பி இரண்டு நான்கிரும்புக் கொத்துகளை ஒட்டி, எஸ்-அடினோசில் மெத்தியோனினின் மெத்தில் தொகுதியிலிருந்து கரிம அணுவை எடுத்து நடுவில் நட்டு, 8 இரும்பு, 9 கந்தகம், 1 கரிமம் கொண்ட கொத்தைச் செய்கிறது. இதுவரை மாலிப்டினத்தின் வாடையே கிடையாது. இந்த முழு இரும்புக் கொத்து நிஃப்-இஎன் என்ற சாரத்துக்குப் போகிறது. அங்கே வைத்துத்தான் ஓரத்து இரும்பு ஒன்று கழன்று, அந்த இடத்தில் மாலிப்டினமும் ஹோமோசிட்ரேட்டும் ஏறுகின்றன. கட்டி முடிந்த வீட்டில் ஒரு சன்னலை மட்டும் மாற்றுகிற வேலை.

மாற்றுவதற்கு முன் அந்த இரும்புக் கொத்து சும்மா இருக்கிறதா? இல்லை. நிஃப்-இஎன் மேல் இருக்கும்போதே அது அசிட்டிலீனையும் அசைடையும் மெல்ல ஒடுக்குகிறது. 2009இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். நைட்ரஜனை ஒடுக்குவதில்லை. ஆனால் பாதி வேலை தெரிந்த முன்னோடி எப்படி இருக்கும் என்பதற்கு உதாரணம் கிடைத்துவிட்டது. அந்தச் சாரம் நிஃப்-இஎன், நைட்ரஜனேஸின் நிஃப்-டிகே புரதத்தின் உடன்பிறப்பு, ஒரே மரபணு இரட்டித்துப் பிரிந்தது. இதே குடும்பத்தில் பச்சையம் தயாரிக்கும் ஒரு ரிடக்டேஸும், மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோஜன் நுண்ணுயிர்களில் நிக்கல் உள்ள எஃப்-430 இணைக்காரணியைத் தயாரிக்கும் ஒரு ரிடக்டேஸும் இருக்கின்றன. இரண்டிலும் மாலிப்டினம் இல்லை. சாதாரண இரும்பு-கந்தகக் கொத்து, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்து ஒரு கடினமான பிணைப்பை ஒடுக்கும் அதே உத்தி.

ஆக 'முன்னறிவு' தேவைப்படும் இடைவெளி நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. ஐசோடோப்பும் குடிவழியும் சொல்வது, நமக்குக் கிடைத்த மூன்று வகைகளில் மாலிப்டின வகை மூத்தது என்பது. அதற்கும் முந்தைய இரும்புக் கொத்தை ஒவ்வொரு செல்லும் இன்றைக்கும் ஒரு படியாகக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

வேர்முடிச்சு | பதிவு 6

வயல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்றேங்க. இந்த உலோகம் 'அளந்து வைத்தாற்போல்' இருக்குதான்னு மண்ணைக் கேட்டா வேற பதில் வரும்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் 1942இல் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது பயறுவகை மேய்ச்சல் நிலத்தின் கதை. சூப்பர் பாஸ்பேட் போட்டும் நிலம் எழவே இல்லை, மரச்சாம்பல் போட்ட இடத்தில் மட்டும் பச்சை ஏறுச்சு. காரணம் சாம்பலிலிருந்த துளி மாலிப்டினம். எக்டருக்கு 50 முதல் 100 கிராம் மாலிப்டினம் போதும், பல வருஷம் தாங்கும். சோடியம் மாலிப்டேட்டில் 39 விழுக்காடு மாலிப்டினம், அம்மோனியம் மாலிப்டேட்டில் 54. கணக்குப் போட்டா எக்டருக்கு 130லிருந்து 260 கிராம் சோடியம் உப்பு. இதைத் தனியா வீச முடியாது, உரத்தோட கலக்கணும், இல்லாட்டி தெளிப்பில் விடணும்.

தப்பு எங்கே நடக்கும்? ஒண்ணு, ரைசோபியம்கிற வேர்முடிச்சு பாக்டீரியாவை ஏற்றின விதையில் சோடியம் மாலிப்டேட்டைப் பூசுறது. அந்த உப்பு பாக்டீரியாவையே கொன்னுடும். விதைப்பூச்சுன்னா மாலிப்டினம் ட்ரையாக்சைடு அல்லது அம்மோனியம் மாலிப்டேட்தான், அதுவும் பூசினவுடனே விதைச்சிடணும். இரண்டு, சத்து மண்ணிலேயே இருக்கும், பயிருக்குக் கிடைக்காது. பி.எச். 5.5க்குக் கீழ இருக்கிற செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு மாலிப்டேட்டை இறுக்கிப் பிடிச்சுக்கும். சுண்ணாம்பு போட்டு பி.எச். ஏத்தினா மாலிப்டினம் விடுபடும், ஆனா இரும்பும் துத்தநாகமும் மாட்டிக்கும். ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணு பூட்டிக்கும்.

மூணாவது மாட்டுக்கு. இங்கிலாந்து சாமர்செட்டில் 'டீர்ட்' மேய்ச்சல் நிலம்னு பேர் போன இடம் இருக்கு. புல்லில் மாலிப்டினம் ஏறினா அசைபோடும் இரைப்பையில் அது கந்தகத்தோட சேர்ந்து தயோமாலிப்டேட் ஆகும், செம்பைக் கவ்விக்கும். மாடு கழியும், ரோமம் வெளுக்கும். தீவனத்தில் செம்பு-மாலிப்டினம் விகிதம் 2க்குக் கீழ வந்தா கவனிக்கணும். வைத்தியம் காப்பர் சல்ஃபேட். செடிக்கு எந்தப் பாதிப்பும் இல்லாத அளவு மாட்டைப் படுக்க வைக்குது. யாருக்காக அளந்து வெச்சாங்கன்னு முதல்ல முடிவு பண்ணணும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். ஒரு தனிமம் இன்றியமையாததுன்னு நிரூபிக்கிற வேலை ரொம்பப் பொல்லாதது. ஆர்னானும் ஸ்டவுட்டும் 1939இல் வெச்ச மூணு சோதனை: அது இல்லாம செடி வாழ்க்கைச் சுற்றை முடிக்கக்கூடாது, வேற தனிமத்தால் ஈடுகட்ட முடியக்கூடாது, நேரடி வேலை இருக்கணும். செய்முறையில் உப்புகளை மறுபடிகமாக்கணும், பாத்திரத்தை அமிலத்தில் ஊறவைக்கணும், சாதாரணக் கண்ணாடி கூடாது, தூசி வரக்கூடாது. இத்தனை செஞ்சும் ஏமாத்துறது விதை. பட்டாணி மாதிரி பெரிய விதையில் ஒரு தலைமுறைக்கு வேண்டிய மாலிப்டினம் அப்படியே இருக்கும். நிக்கலுக்கு 1987இல் பார்லியை மூணு தலைமுறை நிக்கல் இல்லாம வளர்த்து, தானியத்தில் ஒரு கிராமுக்கு 100 நானோகிராமுக்குக் கீழ இறக்கின பிறகுதான் முளைப்பு விழுந்தது தெரிஞ்சுது. எதிர்ப்பக்கம் குரோமியம். மனுஷனுக்கு வேண்டியதுன்னு பல வருஷம் பட்டியலில் இருந்தது, 2014இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் போதிய சான்று இல்லைன்னு சொல்லிருச்சு. இந்தப் பட்டியலை வெச்சு ஒரு தத்துவத்தைக் கட்டுறவங்க கொஞ்சம் நிதானிக்கணும்.

குறுக்குச்சால் | பதிவு 7

மாலிப்டினத்தை விடுங்கள். துத்தநாகத்துக்கு மாற்றே இல்லை என்றுதானே டென்டன் பக்கம் சொல்கிறார்கள்? கார்பானிக் அன்ஹைட்ரேஸ் நொடிக்குப் பத்து லட்சம் கார்பன் டையாக்சைடு மூலக்கூறுகளை மாற்றுகிறது. வேறு உலோகம் அந்த வேலையைச் செய்யுமா? நொதியன் அண்ணா, சோதித்துப் பார்க்க முடியுமா?

நொதியன் | பதிவு 8

முடியும் தம்பி. மாட்டு இரத்தத்திலிருந்து எடுத்த கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 விலைக்குக் கிடைக்கும். 29,000 டால்டன், ஒரே துத்தநாகம், அதை மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கின்றன.

நொதியை, உலோகத்தைக் கவ்வி எடுக்கும் 50 மில்லிமோலார் டைபிகோலினிக் அமிலம், பி.எச். 7, 4 டிகிரி குளிரில் சவ்வூடு பிரிப்பு செய்ய வேண்டும். கரைசலைப் பலமுறை மாற்றினால் துத்தநாகம் போய்விடும். பிறகு உலோகம் நீக்கிய தாங்கல் கரைசலில் டைபிகோலினேட்டையே வெளியேற்ற வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டைபிகோலினேட் 270 நானோமீட்டர் பக்கம் நன்றாக ஒளி உறிஞ்சும். மிச்சம் இருந்தால் 280இல் அளக்கும் புரத அளவு பொய்யாகும், அடுத்துச் சேர்க்கும் கோபால்ட்டையும் அதுவே விழுங்கிவிடும். சவ்வுக் குழாயை முன்கூட்டியே இ.டி.டி.ஏ.வும் பைகார்பனேட்டும் சேர்த்துக் கொதிக்க வைப்பது கட்டாயம்.

மிச்சத் துத்தநாகம் 5 விழுக்காட்டுக்குக் கீழ் என்று அணு உறிஞ்சல் கருவியில் உறுதி செய்த பிறகு கோபால்ட் குளோரைடு சேருங்கள். நிறமற்ற கரைசல் கண்ணெதிரே நீலமாகும். செயல்திறன் துத்தநாக நொதியில் ஏறத்தாழ பாதி. செம்பு போட்டால் துத்தநாகத்தைவிட இறுக்கமாக உட்காரும், ஆனால் வேலை அநேகமாகச் சுழி. எதிலும் சந்தேகம் வர வேண்டிய இடம்: நொதி துத்தநாகத்தைப் பிகோமோல் அளவிலேயே பிடிக்கும். தாங்கல் கரைசலில் ஒளிந்திருக்கும் துத்தநாகம் ஒரே இரவில் திரும்ப ஏறிக்கொள்ளும், நீங்கள் அதைக் 'கோபால்ட் வேலை செய்கிறது' என்று எழுதிவைப்பீர்கள். உலோகம் எதுவும் சேர்க்காத நொதியையும் ஒவ்வொரு அளவீட்டிலும் கூடவே ஓட்டுங்கள்.

இயற்கையிலேயே மாற்று இருக்கிறது. தலசியோசைரா வெய்ஸ்ஃப்ளோகியை என்ற கடல் டயாட்டம் (ஒருவகை நுண்பாசி), துத்தநாகம் வற்றிய நீரில் காட்மியம் கொண்ட கார்பானிக் அன்ஹைட்ரேஸைப் பயன்படுத்துகிறது. நாம் நஞ்சு என்று ஒதுக்கும் காட்மியம்! மெத்தனோசார்சினா தெர்மோஃபிலாவின் நொதி, ஆக்சிஜன் இல்லாமல் எடுத்தால் இரும்போடு இன்னும் சுறுசுறுப்பு. இந்த நொதிக்குத் தொடர்பற்ற பல புரத மடிப்புகள் இருக்கின்றன. ஆல்ஃபா, பீட்டா, காமா எல்லாம் தனித்தனியாகப் பிறந்தவை.

ஆதிபகவன் | பதிவு 9

தனித்தனியாகப் பிறந்தும் எல்லாம் துத்தநாகத்துக்கே வந்து சேர்கின்றன என்றால், அது என் பக்கம் அல்லவா பேசுகிறது? துத்தநாகத்தின் தகுதி அவ்வளவு தனித்தன்மையானது. வேகமாகப் பிணைப்பை மாற்றுகிறது, நான்கிலிருந்து ஐந்து பிணைப்புக்கு இலகுவாக நகர்கிறது, எலக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் இல்லை, நீரை நடுநிலை பி.எச்.சிலேயே ஹைட்ராக்சைடாக்குகிறது. இவை நான்கும் ஒரே தனிமத்தில். பீஹியின் வாதத்தை இங்கே வற்புறுத்தவில்லை. டென்டனின் வாதத்தை யாரும் இன்னும் தொடவில்லை.

சல்லடை | பதிவு 10

தொடுகிறேன். ஆனால் அதற்கு முன் ஆதிபகவன் ஒரு விஷயத்தைத் தீர்க்க வேண்டும். முதல் பதிவில், இந்த நொதி இயற்கையாக வருவது நடக்காத காரியம் என்ற பொருளில் பேசினீர்கள். இப்போது 'துத்தநாகத்தின் இயல்பு அப்படி, எங்கிருந்து தொடங்கினாலும் அங்கே வந்து சேரும்' என்கிறீர்கள். வேதியியல் அவ்வளவு வசதியாக இருந்தால் நொதி தானாக வருவது எளிது, யாரும் குறுக்கிட வேண்டியதில்லை. தானாக வராது என்றால் வேதியியல் அவ்வளவு வசதியானது அல்ல. இரண்டையும் ஒரே கையில் பிடிக்க முடியாது. அறிவார்ந்த வடிவமைப்பைப் பள்ளிக்குள் கொண்டுவருவது பற்றிய பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில் 2005 டிசம்பரில் நீதிபதி ஜோன்ஸ் தீர்ப்பளித்தது பீஹி வகையை வைத்து. டென்டன் வகை நீதிமன்றம் போகவில்லை, ஆய்வகத்துக்கும் போக முடியாது. துத்தநாகத்துக்கு வேறு இயல்பு இருக்கும் பிரபஞ்சம் ஒன்று நம்மிடம் இருந்தால் ஒப்பிடலாம்.

'தகுதி' எவ்வளவு கறாரானது என்பதைத் துத்தநாகமும் செம்பும் சேர்ந்தே காட்டுகின்றன. இர்விங்-வில்லியம்ஸ் வரிசைப்படி மாங்கனீஸ், இரும்பு, கோபால்ட், நிக்கல், செம்பு என்று பிணைப்பு இறுகிக்கொண்டே போகும், துத்தநாகத்தில் இறங்கும். அதாவது வளைந்துகொடுக்கும் எந்தப் புரதமும் தனக்கு வேண்டிய உலோகத்தைவிடச் செம்பைத்தான் விரும்பும். சைனகோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியத்தில் இரண்டு புரதங்கள், ஒரே மடிப்பு, உலோகத்தைப் பிடிக்கும் அமினோ அமிலங்களும் அவையே. ஒன்றில் மாங்கனீஸ், மற்றதில் செம்பு. சோதனைக் குழாயில் மாங்கனீஸ் புரதத்துக்குச் செம்பைவிடப் பத்தாயிரம் மடங்கு மாங்கனீஸ் வைத்தால்தான் அது மாங்கனீஸை எடுக்கிறது. செல் என்ன செய்கிறது? அந்தப் புரதத்தைச் செம்பு நுழையாத உள்ளறையிலேயே மடித்துப் பூட்டி, பிறகுதான் வெளியறைக்கு அனுப்புகிறது. 2008இல் வந்த அழகான வேலை. உலோகம் உயிருக்கு இசைந்து நிற்கவில்லை, உயிர்தான் உலோகத்தைச் சமாளித்துக்கொண்டிருக்கிறது.

பி12ஐயும் பாருங்கள். கோபால்ட் உள்ள இந்த வைட்டமினைப் பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் மட்டுமே செய்யும். நம் பெருங்குடலில் அது உற்பத்தியாகிறது, உறிஞ்சும் இடமோ அதற்கு மேலே சிறுகுடலின் கடைசிப் பகுதியில். ஆலைக்குக் கீழ்ப்புறம் கிடங்கு இல்லாமல் மேல்புறம் வைத்த பொறியாளரை யாரும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

கடல்நுரை | பதிவு 11

சல்லடையின் பட்டியலில் இரும்பைச் சேர்க்க வேண்டும். ஒளிச்சேர்க்கையே ஆக்சிஜனை விட்டு, அந்த ஆக்சிஜனே கடலின் இரும்பைத் துருவாக்கிக் கீழே தள்ளியது. இன்று தென்பெருங்கடலில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிச்சமிருக்க, இரும்பு இல்லாமல் பாசி வளராமல் நிற்கிறது. 2009இல் இந்திய-ஜெர்மானிய லோஹாஃபெக்ஸ் சோதனையில் 300 சதுர கிலோமீட்டரில் இரும்பு சல்ஃபேட் கரைத்தார்கள். பாசி கூடியது, ஆனால் அங்கே சிலிக்கேட் இல்லாததால் டயாட்டம் எழவில்லை. வந்த மற்றப் பாசியை விலங்குமிதவைகள் மேய்ந்துவிட்டன.

பற்றாக்குறைக்கு உயிர் கண்ட வழி என்ன? எலக்ட்ரான் கடத்தும் வேலைக்கு இரும்புள்ள ஃபெரிடாக்சினுக்குப் பதில் உலோகமே இல்லாத ஃபிளேவோடாக்சின். இரும்புள்ள சைட்டோகுரோமுக்குப் பதில் செம்புள்ள பிளாஸ்டோசயனின். லைம் நோய்க் கிருமி பொரேலியா இன்னும் ஒரு படி மேலே போய் இரும்பையே கைவிட்டு மாங்கனீஸில் ஓடுகிறது. நேப்பிள்ஸ் அருகே சொல்ஃபடாரா எரிமலைச் சேற்றில் பிடித்த மீத்தேன் பாக்டீரியா, சேற்றுநீர் ஊற்றினால் மட்டும் வளர்ந்தது. 2014இல் வந்த ஆய்வில் தேடிப் பார்த்தால் லாந்தனம், சீரியம் போன்ற அருமண் உலோகங்கள் இல்லாமல் அதன் மெத்தனால் நொதி ஓடாது. உயிருக்குப் பயனே இல்லை என்று ஒதுக்கிய வரிசை அது.

ஆதிபகவன் | பதிவு 12

நல்ல எடுத்துக்காட்டுகள். ஆனால் இவையெல்லாம் மாற்று வழிகள் ஏராளம் இருப்பதைத்தான் காட்டுகின்றன. தனிம அட்டவணையே இத்தனை வழி திறந்து வைத்திருப்பதேன் என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. அது ஆய்வகத்துக்குள் வராது என்று சல்லடை சொல்வதை ஏற்கிறேன். வராதது எல்லாம் பொய் ஆகாது.

நைட்ரஜனேஸுக்கு வருகிறேன். முன்னோடி நொதி வேலை செய்திருக்கும் என்பதை ஊகமாக இல்லாமல் காட்ட முடியுமா? வனேடியம், இரும்பு வகைகளை ஆய்வகத்தில் பிரித்தறிவது எப்படி?

நொதியன் | பதிவு 13

காட்டியிருக்கிறார்கள். இன்றைய வரிசைகளிலிருந்து முன்னோர் நைட்ரஜனேஸ் வரிசையைக் கணித்து, அசோட்டோபாக்டர் வினெலாண்டியை என்ற மண் பாக்டீரியாவின் சொந்த மரபணுக்களை எடுத்துவிட்டு அதைப் பதித்தார்கள். 2023இல் வெளிவந்தது. பாக்டீரியா மெதுவாக வளர்கிறது, ஆனால் காற்றின் நைட்ரஜனிலேயே வளர்கிறது.

பிரித்தறியச் செய்முறை: நைட்ரஜன் உப்பு இல்லாத பர்க் ஊடகம். மாலிப்டின வகைக்கு 1 மைக்ரோமோலார் சோடியம் மாலிப்டேட். வனேடிய வகை வேண்டுமென்றால் மாலிப்டேட் கூடாது, இங்கே மூன்று பொறிகள். மாலிப்டினம் துளி இருந்தாலும் செல் மற்ற இரண்டையும் அடக்கிவிடும். வனேடிய உப்பிலேயே மாலிப்டினக் கலப்பு இருக்கும். அசோட்டோபாக்டரிடம் ஒரு சேமிப்புப் புரதம் உண்டு, ஒன்றில் சுமார் நூறு மாலிப்டின அணு. ஆகவே ஒருமுறை மாற்றி வளர்த்தால் போதாது, மாலிப்டினம் இல்லாத ஊடகத்தில் அடுத்தடுத்துப் பலமுறை மாற்ற வேண்டும். இன்னும் பாதுகாப்பு, மாலிப்டின நொதிக்கான நிஃப்-எச்டிகே மரபணுக்களை நீக்கிய வகையை எடுப்பது. பிஷப் குழு 1980இல் மாற்று நைட்ரஜனேஸ் இருப்பதை முதலில் மோப்பம் பிடித்ததே மாலிப்டினத்தின் இடத்தில் புகுந்து கெடுக்கும் டங்ஸ்டனைத் தாங்கும் திரிபுகளிலிருந்துதான்.

அளவீடு அசிட்டிலீன் ஒடுக்கம். ரப்பர் மூடியிட்ட குப்பியில் வாயுவில் 10 விழுக்காட்டை எடுத்துவிட்டு அசிட்டிலீன் நிரப்பி, அரை மணி, ஒரு மணி கழித்து வாயு நிறப்பகுப்பியில் எத்திலீன் பாருங்கள். கால்சியம் கார்பைடில் செய்த அசிட்டிலீனில் பாஸ்ஃபீன் இருக்கும், உருளையில் வருவதில் அசிட்டோன் இருக்கும், இரண்டையும் கழுவ வேண்டும். செல் இல்லாத குப்பி ஒன்று, அசிட்டிலீன் இல்லாத குப்பி ஒன்று கட்டாயம். எத்திலீனோடு ஈத்தேன் சிகரமும் எழுந்தால் வனேடிய வகையோ இரும்பு வகையோ ஓடுகிறது. மாலிப்டின வகை ஈத்தேன் தராது.

கடல்நுரை | பதிவு 14

அந்த எத்திலீனை நாலால் வகுத்து 'இவ்வளவு நைட்ரஜன்' என்று எழுதிவிடாதீர்கள். அசிட்டிலீன் ஹைட்ரஜன் வெளியீட்டை முழுக்க அடக்கும் என்ற கணக்கு அது, மாலிப்டின வகைக்குத்தான் பொருந்தும். வனேடிய வகையில் அசிட்டிலீன் இருந்தாலும் ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும், விகிதம் தப்பும். நைட்ரஜன்-15 வாயுவால் சரிபாருங்கள். அந்த உருளையையும் முதலில் சோதியுங்கள், சிலவற்றில் நைட்ரஜன்-15 அம்மோனியாவே கலந்து வருகிறது, எதுவும் நிலைப்படுத்தாத செல்லும் நிலைப்படுத்தியதாகக் காட்டும்.